சூடேற்றும் நேரத்தையும் கணக்கில் எழுதுங்கள்

“திங்கட்கிழமை காலையில ஸ்டென்டர் ஓடியாகணும்.” திருப்பூர்ப் பக்கம் சாய ஆலையில் பராமரிப்பு வேலை ஆரம்பிக்கும் முன்பே இந்தக் கட்டளை வந்துவிடும். காயில் துப்புரவுக்கு, பம்ப் சீல் மாற்ற, பழைய எண்ணெய் இறக்க என எல்லாவற்றுக்கும் நாள் குறிப்பார்கள். துணி உலர்த்தும் அந்த ஸ்டென்டருக்குச் சூடான எண்ணெயை அனுப்பும் தெர்மிக் ஹீட்டரை மறுபடி சூடேற்ற மட்டும் நேரமே எழுதியிருக்காது. ஹீட்டர்களோடு காலம் கழித்தவன் நான். முதலில் எழுத வேண்டியதே அந்த நேரத்தைத்தான்.

காரணம் தண்ணீர். காயிலுக்குத் தண்ணீர் ஏற்றிப் பிரஷர் பார்த்திருப்போம், எங்காவது வளைவில் கொஞ்சம் தங்கிவிடும். மழையில் நின்ற எண்ணெய் பேரலுக்குள் மூடி வழியாகவும் இறங்கியிருக்கும். 250 டிகிரி எண்ணெயில் அது மாட்டினால் ஆவியாகி 1,600 மடங்குக்கும் மேல் விரியும். உச்சியில் இருக்கிற எக்ஸ்பான்ஷன் டேங்க் கொதி எண்ணெயைக் கக்கும். ஆகவே 105, 110 டிகிரியில் நிறுத்தி, டேங்க் வென்ட்டைத் திறந்துவைத்துக் காத்திருக்க வேண்டும். குழாயில் சடசடப்பு அடங்கி, பிரஷர் முள் ஆடாமல் நிற்கும்வரை மேலே ஏற்றக் கூடாது. சில நேரம் விடிந்தும் அடங்காது. ஆர்டருக்காக அவசரப்படுத்தும் மெர்ச்சன்டைசருக்கு இந்தப் பதில் ஒருநாளும் பிடித்ததில்லை.

இன்னொன்று, கூட்டம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், அனகோர்டெஸ் ஊரின் டெசோரோ எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் 2010 ஏப்ரல் 2 நள்ளிரவு கழிந்த வேளை. துப்புரவு முடிந்த வெப்பப் பரிமாற்றிகளை ஓட்டத்தில் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வரிசையில் ஓடிக்கொண்டிருந்த ஒன்று பிளந்தது. அதன் எஃகை ஹைட்ரஜன் பல ஆண்டுகளாகப் பலவீனமாக்கியிருந்தது. அங்கே தொடக்கத்தில் கசிவு சகஜம் என்பதால் உதவிக்குக் கூடுதல் ஆட்களை அழைத்திருந்தார்கள். ஏழு பேர் இறந்தார்கள். கசிவு சகஜமானால் சரிசெய்ய வேண்டியது கசிவை. ஆள் சேர்ப்பது தீர்வில்லை.

விசாகப்பட்டின விஷவாயுக் கசிவுக்கு இரண்டு நாள் கழித்து, 2020 மே 9 அன்று, தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் ஆலைகளுக்கு ஓர் அறிவுரை தந்தது: ஊரடங்குக்குப் பின் முதல் வாரத்தைச் சோதனை ஓட்டமாகக் கொள்ளுங்கள், உற்பத்தி இலக்கைத் துரத்தாதீர்கள். நல்ல யோசனை. ஊரடங்கோடு அதை ஏன் மூட்டைகட்டி வைத்தோம்?

ஒவ்வொரு பராமரிப்புக்குப் பிறகும் சூடேற்றும் நேரம் உற்பத்தித் திட்டத்திலேயே இடம்பெற வேண்டும். சூட்டில் கசிவு பார்த்து முடித்த பிறகே ஃபிளாஞ்சுக்கு லேகிங் என்ற வெப்பக் காப்புறை போட வேண்டும். எண்ணெய் ஊறிய லேகிங் தானே பற்றிக்கொள்ளும். விறகு ஹீட்டர் என்றால் கவனம் இரட்டிப்பாக வேண்டும், பொத்தானை அழுத்தினால் அணைகிற நெருப்பில்லை அது. டிகிரியை எப்போது ஏற்றுவது என்ற முடிவு ஷிஃப்ட் ஆபரேட்டருடையது என்று எழுதி, முதலாளி கையெழுத்துப் போட்டுத் தரட்டும். மேலாளர் போன் செய்து நிலவரம் கேட்கலாம், அவ்வளவுதான்.