இரும்பு மண்ணில் நாணயம் தேடுவோருக்கு

பிரித்தானியாவில் வார இறுதி நாட்களில் மெட்டல் டிடெக்டர் எனப்படும் உலோகங்காட்டும் கருவியுடன் வயல்வெளிகளில் நடந்து பழைய நாணயங்களைத் தேடுவது பல்லாயிரம் பேரின் பொழுதுபோக்கு. புலம்பெயர்ந்து வாழும் எம்மவரில் சிலரும் இதில் இறங்கியிருக்கின்றனர். தொல்பொருள் ஆய்வு பற்றியும் கண்ணிவெடி அகற்றல் பற்றியும் பத்திரிகைகளில் நீண்டகாலம் எழுதியவன் என்பதால் அவர்கள் என்னிடம் இரு கேள்விகளைக் கேட்பதுண்டு. துருப்பிடித்த ஆணிகளும் இரும்புத் துண்டுகளும் நிறைந்த நிலத்தில் நாணயத்தைக் கண்டுபிடிக்கக் கருவியை எவ்வாறு அமைக்க வேண்டும் என்பது முதலாவது கேள்வி. ஊருக்கு வரும்போது அந்தக் கருவியைக் கொண்டுவந்து வன்னியிலோ யாழ்ப்பாணத்திலோ தேடிப் பார்க்கலாமா என்பது இரண்டாவது.

முதலாவது கேள்விக்குரிய பதில், கருவி இரும்பை வடிகட்டும் அளவைக் குறையுங்கள் என்பதாகும். இரண்டாவது கேள்விக்குரிய பதில், கொண்டுவராதீர்கள் என்பதாகும். இவ்விரு பதில்களும் ஒரே காரணத்தில் இருந்து பிறப்பவை. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கருவியின் வட்டச் சுருளில் ஓடும் மாறுமின்னோட்டம் மண்ணுக்குள் ஒரு காந்தப் புலத்தை அனுப்புகிறது. அங்கு உலோகம் இருந்தால் அதனுள் சுழல் மின்னோட்டங்கள் தோன்றி, தமக்கென ஒரு சிறு காந்தப் புலத்தை உருவாக்கும். சுருளின் மற்றொரு பகுதி அதை உணர்கிறது. திரும்பி வரும் அலை எவ்வளவு பிந்தி வருகிறது என்பது உலோகத்துக்கு உலோகம் வேறுபடும். வெள்ளியும் செம்பும் ஒரு விதமாகவும் காந்தத் தன்மையுள்ள இரும்பு வேறு விதமாகவும் பதிலளிக்கும். இந்த வேறுபாட்டைக் கொண்டே கருவி, இது நாணயமாக இருக்கலாம், இது ஆணியாக இருக்கலாம் என்று ஊகிக்கிறது. இன்ன எல்லைக்குக் கீழே வரும் பதில்களை எனக்குச் சொல்லாதே என்று அதற்குக் கட்டளையிடும் அமைப்பே டிஸ்கிரிமினேஷன். அதை உயர்த்தினால் இரும்பு முழுவதும் மௌனமாகிவிடும். புதிதாகக் கருவி வாங்கியவர் முதலில் செய்வதும் இதைத்தான். காதுக்கு நிம்மதி. ஆனால் அந்த நிம்மதிக்கு ஒரு விலை உண்டு.

நாணயம் தனியாகக் கிடந்தால் சிக்கல் இல்லை. பழைய குடியிருப்பு நிலங்களில் அது அவ்வாறு கிடப்பதில்லை. ஸ்கொட்லாந்தில் இன்ச்துத்தில் என்னும் இடத்தில் இருந்த உரோமக் கோட்டையைக் கைவிட்டுச் சென்ற படையினர் புதைத்துவிட்டுப் போன ஆணிகள் மாத்திரம் எட்டு இலட்சத்து எழுபத்தையாயிரத்துக்கு மேல். மரத்தால் கட்டப்பட்ட வீடுகளும் தொழுவங்களும் எரிந்தும் உக்கியும் போக, அவற்றின் ஆணிகள் மண்ணில் எஞ்சின. அத்தகைய நிலத்தில் நாணயத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆணி கிடந்தால் இரண்டின் பதில்களும் கலந்தே கருவிக்கு வந்து சேரும். இரும்பைச் சொல்லாதே என்ற கட்டளைக்குப் பணிந்த கருவி நாணயத்தையும் சேர்த்தே மறைத்துவிடும். அந்த வயலில் இனி ஒன்றுமில்லை என்று ஒருவர் கைவிட்டுச் செல்ல, அதே வயலில் மற்றொருவர் நாணயங்களைப் பொறுக்கி எடுப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

ஆகவே அனுபவசாலிகள் வேறு விதமாகச் செயற்படுகின்றனர். வடிகட்டலை மிகக் குறைந்த அளவுக்கு இறக்கி, இரும்புக்கு ஒரு தாழ்ந்த ஒலியும் ஏனைய உலோகங்களுக்கு உயர்ந்த ஒலியும் வருமாறு அமைத்துக்கொள்கின்றனர். இரும்பின் முணுமுணுப்பைச் சகித்துக்கொண்டு, அதனிடையே எழும் ஒரு சிறு உயர் ஒலிக்காகக் காத்திருக்கின்றனர். ஒரு பதிலில் இருந்து அடுத்த பதிலுக்குக் கருவி மீளும் வேகத்தைக் கூட்டுகின்றனர். அதனால் அருகருகே கிடக்கும் இரு பொருட்கள் தனித்தனியே கேட்கும். ஆழம் சற்றுக் குறையும் என்பது உண்மையே. பெரிய சுருளைக் கழற்றிவிட்டுச் சிறிய சுருளைப் பூட்டுகின்றனர். அதன் பார்வைக்குள் ஒரே நேரத்தில் அகப்படும் ஆணிகள் குறைவு. மண்ணின் கனிமத் தன்மைக்கு ஏற்பக் கருவியைச் சமன்செய்து, அது இடைவிடாது பிதற்றினால் உணர்திறனையும் சிறிது குறைக்கின்றனர். மெதுவாக வீசி, ஐயமான ஒலி கேட்ட இடத்தைக் குறுக்காக நின்றும் ஒரு முறை வீசிப் பார்க்கின்றனர். ஆணி ஒரு திசையில் ஏமாற்றலாம். மறு திசையில் பெரும்பாலும் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். வட்டமான அல்லது தட்டையான பெரிய இரும்பு மாத்திரம் எத்திசையிலும் நாணயம் போலவே ஒலித்து அனுபவசாலியையும் ஏமாற்ற வல்லது.

வேண்டாத பொருள் எது என்று முன்கூட்டியே தீர்மானித்துவிட்டால் வேண்டிய பொருளும் தப்பிவிடும் என்பது இக்கருவியின் வரலாற்றோடு பிறந்த பாடம். 1881 ஜூலை மாதத்தில் அமெரிக்க ஜனாதிபதி ஜேம்ஸ் கார்பீல்ட் சுடப்பட்டபோது, அவரது உடலில் தங்கியிருந்த குண்டைத் தேடத் தொலைபேசியால் புகழ்பெற்ற அலெக்சாண்டர் கிரகாம் பெல் ஒரு மின்காந்தக் கருவியுடன் வந்தார். ஜனாதிபதி படுத்திருந்த மெத்தையில் இருந்த உருக்குச் சுருள்கள் கருவியைக் குழப்பின. அதைவிடப் பெரிய தடை தலைமை மருத்துவர். குண்டு வலப்பக்கத்தில்தான் இருக்கிறது என்று நம்பிய அவர் அந்தப் பக்கத்தை மாத்திரமே தேட அனுமதித்தார். செப்டெம்பரில் ஜனாதிபதி இறந்த பின்னர் நடந்த பரிசோதனையில் குண்டு இடப்பக்கத்தில் இருந்து கண்டெடுக்கப்பட்டது.

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம்.

வன்னி மண்ணிலும் யாழ்ப்பாணத்தின் முகமாலை போன்ற முன்னரங்கப் பகுதிகளிலும் கிடக்கும் இரும்பு உரோமர் விட்டுச்சென்ற ஆணியல்ல. அது மூன்று தசாப்த காலப் போரின் எச்சம். அங்கு பெருந்தொகையாகப் புதைக்கப்பட்ட மிதிவெடிகளில் ஒன்று பாகிஸ்தானில் தயாரிக்கப்பட்ட பி4 வகை. அதன் உடல் பிளாஸ்டிக். உலோகம் என்று சொல்லத்தக்கது உள்ளேயுள்ள மிகச் சிறிய பாகங்களே. விடுதலைப் புலிகள் தயாரித்த ஜொனி 95 மரப்பெட்டிக்குள் அமைந்தது. மிதிவெடி அகற்றும் பணியாளர் தமது கருவியில் எந்த உலோகத்தையும் வடிகட்டுவதில்லை. ஊசி முனையளவு உருக்குக்கும் அது அலற வேண்டும். உலோகச் சிதறல்கள் மிகுந்த இடங்களில் கருவியையே ஒதுக்கிவைத்து, வாரியைக் கொண்டு மண்ணை அங்குலம் அங்குலமாக வாரி எடுக்கின்றனர். இந்தப் பணியில் ஈடுபட்டோரில் போரால் பாதிக்கப்பட்ட எமது கிராமங்களின் பெண்களும் கணிசமானோர்.

நாணயம் தேடுவோர் குப்பை என்று ஒதுக்கும் அந்தச் சிறு இரும்புத் துணுக்குத்தான் மிதிவெடி அகற்றும் பெண் தேடும் பொருள். நாணயத்துக்காக அமைக்கப்பட்ட கருவி மிதிவெடியின் மேல் மௌனமாகக் கடந்து செல்லும். மறுபுறத்தில், அது இனிமையாக ஒலிக்கும் இடமும் பாதுகாப்பானதல்ல. துப்பாக்கி ரவையின் வெற்றுக் கோது பித்தளை. எறிகணையின் இடுப்பைச் சுற்றியிருக்கும் வளையம் செம்பு. இரண்டும் நாணயத்தைப் போலவே உயர்ந்த ஒலி தரும். வெடிக்காத எறிகணையின் மேல் நின்றுகொண்டு அரசர் காலத்துக் காசு அகப்பட்டது என்று ஒருவர் மண்வெட்டியை ஓங்கக்கூடும். ஆபத்தான இடத்தில் மௌனமும் ஆபத்தான பொருளில் ஆசை வார்த்தையும் காட்டும் ஒரு கருவியை நம்பி எந்தப் பிள்ளையை அந்த நிலத்தில் இறக்குவது?

2009 மே மாதத்தில் போர் முடிந்த பின்னர், புலிகள் புதைத்துவைத்ததாகச் சொல்லப்படும் தங்கத்தைத் தேடி நிலம் தோண்டப்படும் செய்திகள் அடிக்கடி வெளிவந்திருக்கின்றன. நீதிமன்ற அனுமதியுடன் பொலிஸார் தோண்டியதும் உண்டு, இரவோடிரவாகத் தனியார் தோண்டிக் கைதானதும் உண்டு. வறுமையில் வாடும் இளைஞன் கையில் லண்டன் மாமா கொண்டுவந்து கொடுத்த கருவி இருந்தால் அவன் எங்கே போவான் என்பதை விளக்க வேண்டியதில்லை. கண்ணிவெடித் தடை தொடர்பான ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசெம்பரில் இணைந்தது. அதன்படி நிலத்தைத் துப்புரவாக்குவதற்கு வகுக்கப்பட்ட காலக்கெடு 2028 ஜூன். துப்புரவு செய்யப்பட்டதென உரிய முறையில் கையளிக்கப்படாத நிலம் எதுவாயினும் அதில் மண்வெட்டி இறங்கக்கூடாது.

சட்டமும் இடந்தராது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ், தொல்பொருளைத் தேடி அகழ்வதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். சொந்தக் காணியாக இருந்தாலும் அதே விதிதான்.

இங்கு சிலர் எழுப்பும் வாதத்தை நான் தட்டிக்கழிக்க விரும்பவில்லை. "குருந்தூர்மலையில் நடந்ததைப் பார்த்தீர்கள். 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் முகாமைத்துவத்துக்கென ஜனாதிபதி செயலணி நியமிக்கப்பட்டபோது அதில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. எங்கள் மண்ணில் கிடப்பதை நாங்களே எடுத்துப் பாதுகாக்காவிட்டால் அது எங்கள் கதையைச் சொல்லுமா?" என்று கேட்கின்றனர். அந்த அவநம்பிக்கைக்கு நியாயம் உண்டு. ஆனால் அதிலிருந்து எடுக்கும் முடிவு தவறு.

ஒரு நாணயம் சாட்சி சொல்வது அதன் முகத்தால் மாத்திரம் அல்ல. எந்த மண்படையில், எந்த ஓட்டுத் துண்டுக்கு அருகில், எந்தக் கட்டிடத்தின் அடியில் கிடந்தது என்பதே அதன் வாக்குமூலத்தின் பெரும்பகுதி. 2010 ஏப்ரலில் இங்கிலாந்தின் ஃப்ரோம் என்ற ஊருக்கு அருகில் டேவ் கிறிஸ்ப் என்பவரின் கருவி ஒரு பானையைக் காட்டியது. அவர் தொடர்ந்து தோண்டவில்லை. தொல்லியலாளருக்கு அறிவித்தார். அவர்கள் படை படையாக எடுத்த உரோம நாணயங்கள் 52,503. காலத்தால் பிந்திய நாணயங்களில் பல பானையின் ஆழத்தில் கிடந்தன. ஆகவே பானை சிறுகச் சிறுக நிரப்பப்பட்ட உண்டியல் அல்ல, ஒரே தடவையில் நிரப்பப்பட்டது என்ற முடிவுக்கு வர முடிந்தது. அவர் அள்ளிக்கொண்டு வந்திருந்தால் நாணயங்கள் இருந்திருக்கும், அந்தச் செய்தி இருந்திராது.

எமது நிலைமையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கந்தரோடையில் பண்டைய நாணயங்கள் கிடைத்ததை போல் பீரிஸ் ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் எழுதினார். அதே மண்ணில் மேற்பரப்பில் பொறுக்கப்பட்டுக் கைமாறிப் போனவை எத்தனையோ. தெற்கில் அக்குறுகொடையில் கிடைத்த, பழந்தமிழ்ப் பெயர்கள் பொறித்த நாணயங்கள் இலங்கை வரலாற்றுக்கு மிகவும் முக்கியமானவை. அவை பெரும்பாலும் தனியார் சேகரிப்பின் வழியாகவே அறிஞர் கைக்கு வந்தன. அவை கிடந்த மண்படை என்ன சொல்லியிருக்கும் என்று இனி எவரும் கேட்க முடியாது. மாறாக, 1980களின் தொடக்கத்தில் ஆனைக்கோட்டையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழுவினர் அகழ்ந்தபோது வெளிப்பட்ட முத்திரை, ஒரு பெருங்கற்கால அடக்கத்தோடு சேர்த்துப் பதிவு செய்யப்பட்டது. அதனால்தான் அதன் வாசிப்பைப் பற்றி விவாதிப்போரும் அது கிடந்த இடத்தைப் பற்றி விவாதிப்பதில்லை.

வரலாறு சர்ச்சைக்குரியதாக இருக்கும் நாட்டில் இடம் தெரியாத நாணயம் எவருக்கும் எதையும் நிரூபிக்காது. நந்தியும் சேது என்ற எழுத்தும் பொறித்த யாழ்ப்பாண அரசர் காசு ஒன்று ஒரு வீட்டு அலுமாரியில் இருப்பதால் எமது வரலாறு ஓர் அங்குலமும் முன்னேறப்போவதில்லை. நம்பிக்கையில்லாத திணைக்களத்துக்கு மாற்று, களவாகத் தோண்டும் தனிமனிதர் அல்ல. அகழ்வுக் குழுக்களில் எமது தொல்லியல் மாணவர்களுக்கு உரிய இடத்தைக் கேட்பதும், அவர்களது கல்விக்கும் களப்பணிக்கும் வெளிநாட்டில் இருந்து உதவுவதும், பதிவுகள் பகிரங்கமாக வெளியிடப்பட வேண்டும் என்று வலியுறுத்துவதுமே மாற்று. அதுவரை அந்த நாணயங்கள் மண்ணுக்குள்ளேயே இருக்கட்டும். பல நூற்றாண்டுகள் காத்தவற்றை மண் இன்னும் சில ஆண்டுகள் காக்கும்.

பிரித்தானியாவில் இருப்போர் காணி உரிமையாளரின் அனுமதியுடன், பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களைத் தவிர்த்து, தாராளமாகத் தேடுங்கள். வடிகட்டலைக் குறைத்து, சிறிய சுருளைப் பூட்டி, மெதுவாக நடந்து, இரும்பின் இரைச்சலைப் பொறுமையுடன் கேளுங்கள். சட்டப்படி புதையல் எனக் கருதத்தக்க ஏதேனும் அகப்பட்டால் 14 நாட்களுக்குள் மரண விசாரணை அதிகாரிக்கு அறிவியுங்கள். ஊருக்கு வரும்போது கருவியை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். இங்குள்ள இரும்பைக் கேட்பதற்கு, அதையே தொழிலாகக் கற்றவர்கள் வாரியுடன் முழங்காலில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் முடிக்கட்டும்.