தூரம் குறுகியது, பயணம் குறுகியதா?

யாழ்ப்பாணத்துக்கும் சென்னைக்கும் இடையிலான வான்வழித் தூரம் ஏறத்தாழ 355 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கான தரைவழித் தூரமோ 400 கிலோமீற்றரை அண்மித்தது. ஆயினும் பல தசாப்தங்களாக யாழ்ப்பாணத்தவர் சென்னை செல்வதாயின், இரவு முழுவதும் ஏ-9 வீதியில் புளியங்குளத்தைக் கடந்து தெற்கே சென்று, கட்டுநாயக்காவில் விமானமேறி, வந்த திசையிலேயே 650 கிலோமீற்றர் அளவுக்கு மீண்டும் வடக்கே பறக்க வேண்டியிருந்தது.

இந்நிலை இயல்பானதன்று. எயார் சிலோன் 1947 டிசம்பரில் ஆரம்பித்த முதற் சேவையே இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குச் சென்றதுதான். போர் அந்த வழியை அடைத்தது, தரைவழியையும் அடைத்தது. 2002 போர்நிறுத்தத்தின் பின் திறக்கப்பட்ட ஏ-9 வீதியில், ஓமந்தையில் இராணுவத்தினதும் புளியங்குளத்தில் விடுதலைப் புலிகளினதும் சோதனைச் சாவடிகளில் பயணிகள் பொதிகளுடன் காத்துநின்றனர். இரு சாவடிகளுக்கும் இடைப்பட்ட தூரம் சொற்பம். கடக்க எடுத்த நேரம் சொற்பமன்று. 2006 ஆகஸ்டில் அவ்வீதியும் மூடப்பட்டது. ஆகாயமும் எப்போதும் பாதுகாப்பாக இருந்ததில்லை. 1998 செப்டெம்பர் 29இல் பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானத்தில் இருந்த 55 பேரும் உயிரிழந்தனர்.

2019 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே தொடங்கிய சென்னைச் சேவை, கொரோனாத் தொற்றினால் 2020 மார்ச்சில் நின்று, 2022 டிசம்பர் 12இலேயே மீண்டும் வந்தது. 2024 செப்டெம்பரில் இண்டிகோவும் இணைந்தது. பறக்கும் நேரம் ஏறத்தாழ ஒன்றேகால் மணித்தியாலம். புளியங்குளத்தில் வாழ்பவருக்குக்கூடக் கட்டுநாயக்காவுடன் ஒப்பிடுகையில் பலாலி ஏறக்குறைய பாதித் தூரமே. முல்லைத்தீவு, நெடுங்கேணி மக்களுக்கும் இது சிறு நன்மையன்று.

எனினும், இங்கு வந்திறங்குவன ஏடிஆர் வகைச் சிறு விமானங்களே. பெரிய விமானம் இறங்குவதற்கு ஓடுபாதை நீள வேண்டும். நீள்வதற்குக் காணி வேண்டும். அக்காணி யாருடையது என்ற கேள்வியைத்தான் கொழும்பு நாசூக்காகக் கடந்து செல்கிறது.

1990 ஜூனில் வலிகாமம் வடக்கிலிருந்து தமிழ் மக்கள் வெளியேறினர். அதே ஆண்டு ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். புத்தளத்தில் பிறந்து வளர்ந்த அவர்களது பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணம் சில மணித்தியாலப் பேருந்துப் பயணம்தான். மீளக் குடியேறுவதோ வீடும் காணியும் தொழிலும் சார்ந்த விடயம். வலிகாமம் வடக்கில் ஒரு பகுதி விடுவிக்கப்பட்ட போதும், வேலிக்கு வெளியே நின்று தம் காணியைப் பார்ப்போர் இன்னமும் உள்ளனர். விமானம் தமது வளவின் மேலாகவே தாழப் பறந்து இறங்குவதை அவர்கள் காண்கின்றனர்.

விமான நிலையம் வளர வேண்டும் என்பதில் எமக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் ஓடுபாதை நீட்டப்படுமாயின், எந்தக் காணி எடுக்கப்படும், அதன் உரித்தாளர் யார், அவருக்கு என்ன கிடைக்கும் என்பவற்றை நில அளவையாளர் களத்தில் இறங்குமுன்பே அரசாங்கம் பகிரங்கப்படுத்த வேண்டும்.