எட்டுப் புள்ளிகளும் ஒரு மேலதிகாரியும்

என் தங்கை மகன் ஒரு டிசைன் கம்பெனியில் இருக்கிறான். போன வாரம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். "மாமா, நான் போட்ட மெஷ்ஷில் எட்டு இடத்தில் கட்டம் கோணலாம். எட்டையும் எடுத்துவிட்டு வா என்கிறார் மேலதிகாரி." அவன் கட்டம் போட்டது ஓட்டையில்லாத, பந்து போல் மூடிய உருவத்துக்கு. அந்த அதிகாரி கேட்பது நடக்காத காரியம்.

வளைந்த பரப்பை நாற்கரங்களாக வெட்டும் முன், இடத்துக்கு இடம் ஒரு கூட்டல் குறி வைக்கிறார்கள். கட்டத்தின் விளிம்பு எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று அது சொல்லும். இதுதான் திசைப்புலம். கூட்டல் குறியை 90 டிகிரி திருப்பினாலும் அதே குறிதான் என்பதால், கோணத்தை நான்கால் பெருக்கிக் கணக்குப் போடுகிறார்கள். பக்கத்துக் குறிகள் கூடியவரை ஒத்துப்போகும்படி கணினி சரிசெய்யும். கூடியவரைதான். ஒரு மூலையில் வழக்கமாக நான்கு விளிம்புகள் சேரும். சில இடங்களில் மூன்றோ ஐந்தோ சேரும். குமாஸ்தா பாஷையில் சொன்னால், மூன்று என்றால் கால் வரவு, ஐந்து என்றால் கால் பற்று. பந்து போன்ற உருவத்தில் நிகர இருப்பு 2 வந்தே தீர வேண்டும். மூன்று விளிம்புக்கும் குறைந்தால் கட்டமே கெட்டுவிடும். ஆகவே எட்டுப் புள்ளிக்குக் குறையாது. கனசதுரத்தின் மூலைகளை எண்ணிப் பாருங்கள். டயர் ட்யூப் போன்ற உருவமென்றால் இருப்பு பூஜ்யம், ஒரு புள்ளியும் வேண்டியதில்லை.

இதற்கு அடிப்படையான தேற்றத்தை 1885-லேயே தந்தவர் ஆன்ரி புவான்கரே. (இங்கே பலர் 'பாயின்கேர்' என்கிறார்கள். என் பிரெஞ்சு வாத்தியார் கேட்டிருந்தால் காதைத் திருகியிருப்பார்.) அவர் பிறந்த ஊர் நான்சி. 2008-இல் இந்தத் திசைப்புலங்களை வடிவமைக்க வழி சொன்ன நிக்கோலா ரே, புருனோ லெவி குழுவும் அதே நான்சியில் வேலை பார்த்தவர்கள்தான்.

"இப்போதுதான் நல்ல சாஃப்ட்வேர் இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது. இருப்பதிலேயே மிக வழவழப்பான புலத்தைக் கண்டுபிடிக்கும் முறை 2013-இலேயே வந்துவிட்டது. அதுவும் புள்ளிகளை எங்கே வைப்பது என்றுதான் தேடுகிறது. இருப்பை மாற்ற அதனாலும் முடியாது. இருபது புள்ளி இருந்தால், வரவையும் பற்றையும் ஜோடி சேர்த்துக் கழித்துவிடு என்று திட்டலாம், நியாயம். அழுத்தம் குவியும் இடத்திலிருந்து தள்ளி வை என்றும் சொல்லலாம். எட்டையும் அழி என்பது, கணக்கு டேலி ஆகவில்லை என்றதும் வித்தியாசத்தை ரப்பர் போட்டு அழிக்கச் சொல்வது போல. அப்படிச் சொன்ன அதிகாரிகளை நானும் பார்த்திருக்கிறேன். கையெழுத்து மட்டும் நம்மிடம் வாங்குவார்கள்.

பையனிடம் ஒரு சாத்துக்குடியும் ஸ்கெட்ச் பேனாவும் கொடுத்தனுப்பினேன். மூலைக்கு நான்கு கோடு தவறாமல் அவர் அதன்மேல் கட்டம் போட்டுக் காட்டட்டும்.