விளக்கு எரியும் பொத்தான்களும் என் பிடிபிடிஎன் பணமும்

மணமக்கள் மண்டபத்தின் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். பூத்தட்டு ஏந்திய சிறுமிகள் இரண்டு வரிசையாக நின்றாயிற்று. "எல்லாரும் எழுந்து நின்று கைதட்டி வரவேற்போம்" என்று அறிவிப்பாளர் சொல்லி முடித்தார். நான் பொத்தானில் விரலை வைத்தேன். என் மடிக்கணினியின் திரை சட்டென்று நீலமாக மாறியது. புதுப்பித்தல் நடக்கிறது, கணினியை அணைக்காதீர்கள் என்று ஒரு வட்டம் நிதானமாகச் சுற்றத் தொடங்கியது. கால் மணி நேரத்திற்கு முன்பு திரையின் ஓரத்தில் வந்த அறிவிப்பைப் படிக்காமலேயே தள்ளிவிட்டிருந்தேன். அதன் பலன்தான் இது.

என் மாமா எதுவும் பேசவில்லை. மேசைக்குக் கீழே இருந்த பழைய இரட்டை சிடி பிளேயரில் அதே பாட்டு ஏற்கெனவே தயாராக நின்றது. அவர் ஒரு பொத்தானை அழுத்தினார்; நாதஸ்வரம் எழுந்தது; மணமக்கள் நடந்து வந்தார்கள். பிறகு காணொளியைப் பார்த்து எண்ணினேன். மௌனம் மொத்தம் 11 விநாடி. அந்த 11 விநாடிக்குள் முன் வரிசையிலிருந்த ஒரு பெரியம்மா, "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்த வேலை?" என்று கேட்டுவிட்டார். புதுப்பித்தல் ஆண் பெண் பார்த்து வருவதில்லை என்று அவரிடம் விளக்க எனக்கு நேரமில்லை.

எங்கள் வீடு பத்து பெரண்டாமில். அம்மா அங்குள்ள சுதந்திர வர்த்தக வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்கிறார். நான் டுரியான் துங்கலில் மின்னணுப் பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவி. வார நாட்களில் விடுதி. சனி, ஞாயிறுகளில் மாமாவின் வேன். ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா என்று கல்யாணம், பிறந்தநாள், கோயில் விருந்து எதுவானாலும் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போவோம். இதைச் சொல்லக் காரணம், இப்போது என்னைப் போன்ற வயதில் உள்ளவர்கள், படிவம் ஐந்து தம்பிமார்கள்கூட, "அக்கா, டிஜே வேலைக்கு என்ன கருவி வாங்கலாம்?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். அடுத்த கேள்வி ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான்: "எத்தனை சேனல் வேணும்?"

அது முதலில் கேட்க வேண்டிய கேள்வி அல்ல என்பது என் கருத்து. விழாவில் ஏதாவது ஒன்று கெடும் நிமிடத்தில் இந்தக் கருவி என்ன செய்யும்? அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். இதை நான் கற்றுக்கொள்ள ஏறக்குறைய ஒரு பருவச் சாப்பாடு செலவானது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

மாமா இந்தத் தொழிலைக் கேசட்டில் தொடங்கியவர். சிடி 1982இல் விற்பனைக்கு வந்தது. ஆனால் டிஜேக்கள் அதை நம்பத் தொடங்க மேலும் பல ஆண்டுகள் ஆயின, ஏனென்றால் இசைத்தட்டைக் கையால் பிடித்து நிறுத்துவதுபோல் சிடியைப் பிடிக்க முடியாது. பயனியர் நிறுவனத்தின் சிடிஜே-500 வந்தது 1994இல். 2001இல் வந்த சிடிஜே-1000இல் பெரிய சக்கரம் ஒன்று இருந்தது. அதைத் திருப்பினால் இசைத்தட்டைத் திருப்புவதுபோலவே பாட்டு முன்னும் பின்னும் ஓடியது. உலகத்தின் நடன விடுதிகள் அதன்பின் அந்தக் குடும்பத்துக் கருவிகளையே பெரும்பாலும் வைத்துக்கொண்டன. 2020இல் அதே வரிசையில் சிடிஜே-3000 வந்தபோது பெயரில் சிடி இருந்தது, கருவியில் சிடி போடும் வாய் இல்லை! யுஎஸ்பியும் எஸ்டி அட்டையும் மட்டும்தான். அமெரிக்காவில் அதன் அறிமுக விலை 2,299 டாலர். டிஜேவுக்கு வேண்டியது ஒன்றல்ல, இரண்டு.

ஆகவே கடைக்காரர் "சிடி செத்துப்போச்சு" என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. நடன விடுதிக்கு அது சரி. அங்கே கருவி மேசையோடு பொருத்தப்பட்டிருக்கும், மின்சாரம் சீராக இருக்கும், குளிர்சாதனம் ஓடும். நாங்கள் வேலை செய்யும் இடம் அப்படியல்ல. தாமான் சாலையை மறித்துப் போட்ட கூடாரம். ஒரே பிளக்கிலிருந்து மூன்று நீட்டிப்புக் கம்பி. ஒன்றில் ஸ்பீக்கர், ஒன்றில் விளக்கு, இன்னொன்றில் கேத்தரிங்காரரின் சூடு பெட்டி. நொறுக்கென்று ஒரு சத்தம், எல்லாம் இருட்டு. இதுதான் நமது களம்.

அங்கே மின்சாரம் போய்த் திரும்பினால் என்ன ஆகும் என்று பாருங்கள். மடிக்கணினியோடு இணைந்து யுஎஸ்பியிலிருந்தே மின்சாரம் எடுக்கும் சிறிய கன்ட்ரோலர் அணையவே அணையாது. கணினிக்கு மின்கலம் இருக்கிறதல்லவா? ஸ்பீக்கர் உயிர் பெற்றதும் பாட்டு தொடரும். கணினி தேவையில்லாத, திரையுடன் கூடிய பெரிய தனிக்கருவிகளில் பெரும்பாலானவற்றுக்கு மின்கலம் கிடையாது. அவை அணைந்து, மீண்டும் விழித்து, யுஎஸ்பியைப் படித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். சிடி பிளேயரும் அணையும், ஆனால் தட்டைப் படித்து சில விநாடிகளில் தயாராகிவிடும். மறுபக்கம், தனிக்கருவிக்குப் புதுப்பித்தல் நீலத்திரை நடுவிழாவில் வராது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில் காலை வாரும். எது எங்கே வாரும் என்று தெரிந்து வாங்குவதுதான் தேர்வு.

இனி என் கதை. சென்ற ஆண்டு பிடிபிடிஎன் பணம் வந்தது. கட்டணம் போக 1,900 ரிங்கிட் மீதமிருந்தது. அதோடு மாமா கொடுத்த கூலியைச் சேர்த்து, ஒருவர் பயன்படுத்திய நான்கு சேனல் கன்ட்ரோலரை வாங்கினேன். பதினாறு பொத்தான்கள், ஒவ்வொன்றும் ஒரு நிறத்தில் எரியும். இருட்டில் பார்த்தால் தீபாவளி. அதைப் படம் எடுத்துப் போட்டபோது கிடைத்த பாராட்டு, அதன்பின் அந்தக் கருவியால் எனக்குக் கிடைத்த எல்லாவற்றையும்விட அதிகம். ஆறு மாதத்தில் மூன்றாவது, நான்காவது சேனலை நான் ஒருமுறைகூடத் தொடவில்லை. கல்யாண விருந்தில் ஒரு பாட்டு முடியும், அடுத்தது தொடங்கும்; நான்கு பாட்டை அடுக்கி யாருக்குக் காட்டப் போகிறேன்? பெட்டியோடு சேர்த்து அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். அந்தப் பருவம் விடுதியில் மேகி, முட்டை, மறுபடியும் மேகி. அம்மாவிடம் சொல்லவில்லை. அவர் எப்படியோ கண்டுபிடித்து, ஒரு வார்த்தை கேட்காமல் இரண்டு வாரம் கூடுதல் நேரம் வேலை செய்து கையில் பணத்தை வைத்தார். கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

அந்தக் கருவியை 500 ரிங்கிட் நட்டத்தில் விற்றேன். இப்போது என்னிடம் இருப்பது 650 ரிங்கிட்டுக்கு வாங்கிய பழைய இரு சேனல் கன்ட்ரோலர். மீதிப் பணத்தில் வாங்கிய பொருளை யாரும் படம் எடுத்துப் போடமாட்டார்கள்: ஒரு சிறிய மிக்சர், நல்ல எக்ஸ்எல்ஆர் கம்பிகள்.

இதை மட்டும் கொஞ்சம் விளக்க விடுங்கள், ஏனென்றால் பலர் தவறு செய்வது இங்கேதான். மாணவர்கள் வாங்கக்கூடிய விலையில் உள்ள கன்ட்ரோலர்கள் பலவற்றில், டிடிஜே-400, டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4 போன்ற பேர்போனவை உட்பட, ஒலி வெளிவருவது வீட்டு ரேடியோவில் இருக்கும் சிவப்பு வெள்ளை ஆர்சிஏ துளை வழியாக. அந்தக் கம்பியை மேசையிலிருந்து மேடைவரை இருபது மீட்டர் இழுத்தால் வழியில் உள்ள விளக்கின் இரைச்சலையெல்லாம் பொறுக்கிக்கொண்டு போய் 'ம்ம்ம்' என்று பாடும். எக்ஸ்எல்ஆர் கம்பியில் அதே ஒலி இரண்டு கம்பிகளில் போகிறது, ஒன்றில் தலைகீழாக. இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி ஏறும். மறுமுனையில் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கும்போது இரைச்சல் அடிபட்டுப் போகும், பாட்டு மட்டும் நிற்கும். முதலாம் ஆண்டில் இதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தேன். ஒரு தோட்டத்து மண்டபத்தில் நிற்கும்போதுதான் புரிந்தது. ஆகவே கன்ட்ரோலரிலிருந்து மிக்சருக்கு ஒரு மீட்டர் ஆர்சிஏ. மிக்சரிலிருந்து மேடைக்கு எக்ஸ்எல்ஆர். அவ்வளவுதான். அப்படியும் இரைந்தால் மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். பாதி நேரம் குற்றவாளி அதுதான்.

மிக்சருக்கு இன்னொரு பயனும் உண்டு. மைக்கை ஒருபோதும் கன்ட்ரோலரில் செருகாதீர்கள். கல்யாணத்தில் பாட்டைவிட மைக் முக்கியம். தாய்மாமன் பேசுவார், மணமகளின் தோழி அழுவாள், யாராவது கார் எண்ணைச் சொல்லி நகர்த்தச் சொல்வார்கள். அன்று என் கணினி தூங்கியபோதும் அறிவிப்பாளரின் மைக் மாமாவின் மிக்சரில் உயிரோடு இருந்தது. "டிஜே தங்கச்சிக்கு வெட்கம் வந்துடுச்சு" என்று அவர் சிரிக்க வைத்ததால்தான் 11 விநாடி 11 விநாடியாகவே முடிந்தது.

மாமாவோடு எனக்கு ஒரு சண்டை இன்னும் தீரவில்லை. "பாப்பா, அந்த சிங்க் பட்டன அழுத்துறவன் டிஜே இல்ல" என்பார். இரண்டு பாட்டின் வேகத்தையும் கணினியே ஒன்றாக்கிவிடும் பொத்தானைச் சொல்கிறார். கருவி கெட்டிக்காரத்தனம் செய்தால் மனிதன் ஏமாற்றுக்காரன் என்று நான் நினைக்கவில்லை. அப்படிப் பார்த்தால் தாளம் தட்டிக் கணக்குப் பார்க்காமல் சிடியின் திரையில் நிமிடம் பார்ப்பதும் ஏமாற்றுதான். ஆனால் நம் பாட்டுகளில் அந்தப் பொத்தான் திணறுவது உண்மை. எம்.எஸ்.விஸ்வநாதன் காலத்துப் பாட்டுகளும் இளையராஜாவின் தொடக்ககாலப் பாட்டுகளும் வாத்தியக்காரர்கள் கூடி உட்கார்ந்து வாசித்தவை. சரணத்துக்கு வரும்போது வேகம் மயிரிழை கூடும், குறையும். கணினி போடும் கோடுகள் அங்கே தவறிவிடும். உருமி, பறை வரும் ஆறு தட்டுப் பாட்டுகளை மென்பொருள் அடிக்கடி நான்கு தட்டாகக் கணக்கிட்டுத் தவறான எண்ணைக் காட்டும். கூட்டம் ஆட எழுந்து வருவதே அந்தப் பாட்டுகளுக்குத்தான் என்பது உங்களுக்குத் தெரியும். அப்போது காதும், வேகத்தைத் தள்ளும் நீளமான பட்டியும்தான் துணை. கருவி வாங்கும்போது பொத்தான்களை எண்ணாமல் அந்தப் பட்டியை விரலால் தள்ளிப் பாருங்கள். குட்டையாக இருந்தால் நுண்ணிய மாற்றம் கைக்கு அடங்காது.

அப்படியானால் சிடி பிளேயர் வாங்கலாமா? புதிதாகப் பணம் கொடுத்து வேண்டாம். லென்ஸ் தேய்ந்துபோனால் உதிரிப் பாகம் தேடி அலைய வேண்டும். வீட்டில் எரித்த சிடி வேனின் வெயிலில் ஒரு பிற்பகல் கிடந்தால் அடுத்த வாரம் திக்கும். ஒரு தட்டில் 80 நிமிடம், சுமார் பதினாறு பாட்டு. விருந்தாளி கேட்கும் பாட்டு எப்போதும் பதினேழாவதாக இருக்கும். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்தால் பேஸ் அதிர்வில் குதிக்கும். ஆனால் உங்கள் மாமாவிடமோ சித்தப்பாவிடமோ ஒன்று சும்மா கிடந்தால் அதை இரும்புக்காரருக்குப் போட விடாதீர்கள். மிக்சரின் கடைசித் துளையில் அது இருக்கட்டும். சிடி கிடைக்கவில்லையா? ஒரு பழைய கைத்தொலைபேசியில் வரவேற்புப் பாட்டு, தாலி கட்டும் பாட்டு, கேக் வெட்டும் பாட்டு, பத்து நடனப் பாட்டு ஆகியவற்றை இறக்கி, விமானப் பயண நிலையில் போட்டு, அதே துளையில் செருகி வையுங்கள். இணைய இசைச் சேவையை நம்பாதீர்கள். சில தோட்டத்து மண்டபங்களில் அழைப்பு எடுக்கவே வாசலுக்கு ஓட வேண்டியிருக்கிறது. யுஎஸ்பியில் பாட்டு கொண்டு போகிறவர்களுக்கு ஒரு சொல்: பல கருவிகள் எஃப்ஏடி32 முறையில் அமைத்த யுஎஸ்பியைத்தான் படிக்கும். கடையில் வாங்கிய 64 ஜிபியை அப்படியே செருகிவிட்டு, கருவி கெட்டுவிட்டது என்று அழுத நண்பன் ஒருவன் எனக்கு உண்டு.

பிடிபிடிஎன் பற்றி ஒன்று. ஆண்டுக்கு 1 விழுக்காடு உஜ்ரா கட்டணம்தான், சும்மா கிடைத்த பணம் மாதிரி தோன்றும். எனக்கும் தோன்றியது. அந்தப் பணத்தில் கருவி வாங்காதீர்கள் என்று நான் சொல்ல முடியாது, வாங்கியவள் நான். ஆனால் முதல் ஆறு மாதம் வாடகைக்கோ இரவலுக்கோ எடுத்து வேலை செய்யுங்கள். அந்த ஆறு மாதத்தில் உங்கள் கை எந்தப் பொத்தானுக்குப் போகிறது, எதற்குப் போகவே இல்லை என்று தாளில் குறித்து வையுங்கள். பிறகு கடைக்குப் போங்கள்.

வரும் சனிக்கிழமை ஜாசினில் ஒரு திருமண விருந்து. கணினியின் புதுப்பித்தலை வியாழக்கிழமையே ஓடவிட்டு, இணையத்தைத் துண்டித்துவிட்டேன். மாமா நேற்று மாலை வாசலில் உட்கார்ந்து, வரவேற்புப் பாட்டு சிடியைச் சட்டை நுனியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைத்துக்கொண்டிருந்தார். இந்த முறை இரண்டு பிரதி எரித்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்.