மறுமுனையில் இருப்பவர் யார்?

நோயாளியைப் பார்க்க வருவோருக்கு வைத்தியசாலையிலே வாயிற்காவல் உண்டு. பார்வை நேரமும் உண்டு. தொலைபேசியில் வரும் குரலுக்கோ வாயிலுமில்லை, காவலுமில்லை. மணி ஒலிக்கின்றது, தாதி எடுக்கின்றார். "நான் அவருடைய மகன் பேசுகின்றேன், அப்பாவுக்கு இப்பொழுது எப்படி?" என்று கேள்வி பிறக்கின்றது. கேட்பவர் மகன்தானா, கடன் கொடுத்தவரா, வம்பு விரும்பும் அயலவரா? குரலொன்றைக் கொண்டே இதனைத் துணிதல் இயலாது.

இவ்வுண்மையை உலகுக்கு உணர்த்திய நிகழ்ச்சியொன்று 2012 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் இலண்டன் மாநகரில் நிகழ்ந்தது. அங்குள்ள ஏழாம் எட்வேர்ட் மன்னர் வைத்தியசாலையில், கருவுற்றிருந்த கேம்பிரிட்ஜ் கோமகள் கடும் வாந்தியினால் அனுமதிக்கப்பட்டிருந்தார். விடியுமுன் தொலைபேசி ஒலித்தது. வரவேற்பாளர் கடமையில் இல்லாத வேளையாதலால், இந்தியாவிலே பிறந்த தாதி ஒருவர் எடுத்தார். பேசியவர்கள் சிட்னி நகர வானொலி அறிவிப்பாளர் இருவர்; எலிசபெத் மகாராணியும் இளவரசர் சாள்சும் போல நடித்தனர். தாதி நம்பி, அழைப்பை விடுதிக்கு இணைத்தார். அங்கிருந்த மற்றொரு தாதி கோமகளின் நிலையை விளக்கினார். அவ்வுரையாடல் வானொலியில் ஒலிபரப்பாயிற்று. அழைப்பை முதலில் எடுத்த தாதி அடுத்த சில நாட்களில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். ஒரு மரணத்துக்குக் காரணம் இதுவொன்றே எனக் கூறுதல் முறையன்று. எனினும், விளையாட்டென்று எண்ணிச் செய்யப்பட்ட அழைப்பு எத்தகைய சுமையை ஓர் எளிய ஊழியர்மேல் ஏற்றிவிட்டது என்பதை நாம் மறத்தலாகாது.

இரகசியம் காத்தலை ஒரு தாதியின் சாமர்த்தியத்துக்கு விட்டுவிடுதல் தகாது. அதற்கு முறை வேண்டும். முறையானது நோயாளியை மட்டுமன்றி, தொலைபேசியை எடுப்பவரையும் காக்கும் என்பதே நாம் வற்புறுத்த விரும்புவது.

அம்முறைதான் யாது? எடுப்பவர் முதலில் தம் விடுதியையும் பெயரையும் பதவியையும் கூறுக. பின்னர் அழைப்பவரின் பெயரையும் உறவையும் கேட்டுக் குறித்துக்கொள்க. நோயாளி அனுமதிக்கப்படும்போதே, தம்மைப் பற்றி யாருக்குச் சொல்லலாம் என்று அவரையே கேட்டுப் பதிந்து வைத்தல் நன்று. குடும்பத்தார்க்கு மட்டுமே தெரிந்த இரகசியச் சொல் ஒன்றை வைத்துக்கொள்ளும் வைத்தியசாலைகளும் உள. ஐயம் தோன்றினால் அழைப்பை நிறுத்தி, பதிவேட்டிலுள்ள எண்ணுக்குத் தாமே திரும்ப அழைத்தல் வேண்டும். பிறர் செவிப்பட நோயாளியின் பெயரையும் நோயையும் உரக்கக் கூறுதல் ஆகாது.

வைத்தியர் தொலைபேசியிலே மருந்தளவு கூறும்போதும் விழிப்பு வேண்டும். ஆங்கிலத்திலே 'பிப்டீன்', 'பிப்டி' என்பன ஒன்றுபோல் ஒலிக்கும். ஆதலின் எழுதிக்கொண்டு, 'ஒன்று, ஐந்து' என இலக்கம் இலக்கமாகத் திருப்பி வாசித்து உறுதிசெய்தல் உயிர்காக்கும் வழக்கமாகும்.

மறுத்தல் வேறு, கடிதல் வேறு. "ஐயா, தங்கள் கவலை எமக்கு விளங்குகின்றது. தொலைபேசியில் எவரைப் பற்றியும் கூறுதல் இங்கு முறையன்று, குடும்பத்தாரிடம் கேட்டறிந்துகொள்ளுங்கள்" என்று இன்சொல்லால் மறுக்கலாம். நோயாளி அங்கிருக்கின்றாரா என்பதையும் இவ்விடை வெளிப்படுத்தாமை காண்க.

குடும்பத்தார்க்கும் இதிற் பங்குண்டு. ஒருவர் நோயுற்றால் சின்னம்மா முதல் பெரியப்பாவின் சம்பந்தி வரை விசாரிப்பது நம் பண்பு. ஆனால் அன்பு உரிமையாகிவிடாது. மணமாகாத பெண்ணொருத்தியின் நோய், மனநோய், தொற்றுநோய் ஆகியன ஊரிலே பரவினால், உடல் தேறிய பின்னும் அவ்வுயிர் தேறுவதரிது. ஆகவே குடும்பத்தில் ஒருவரை மட்டும் வைத்தியசாலையுடன் பேச நியமித்து, ஏனையோர் அவரிடமே கேட்டறிதல் வேண்டும். தாதியர்க்கும் நோயாளியரைக் கவனிக்கக் காலம் மிஞ்சும்.

வள்ளுவர் மருத்துவத்தை நான்கு பகுதியாக வகுத்தபோது, நோயுற்றவன், மருத்துவன், மருந்து என்பவற்றோடு அருகிருந்து பணிசெய்வானையும் சேர்த்தெண்ணினார். அப்பணியாளரின் கையிலே இன்று தொலைபேசியும் இருக்கின்றது. நாளை தாதியராகவும் வைத்தியராகவும் விளங்கப்போகும் மாணவ மாணவியர், தொலைபேசியில் விடை கூறுமுன் மறுமுனையில் இருப்பவர் யாரென்று கேட்கக் கற்றுக்கொள்வார்களாக.