யந்திரத்தை நிறுத்தித் துடைப்போம்!

மில்லில் விபத்து நடந்தால் நிர்வாகம் சொல்லும் முதல் வார்த்தை, "தொழிலாளியின் அஜாக்கிரதை" என்பதே. நாம் கேட்கிறோம்: ரிங் பிரேம் ஓடும்போதே பஞ்சைத் துடைக்கச் சொன்னது யார்? நிறுத்தினால் உற்பத்தி குறையும் என்று மிரட்டியது யார்?

ஓடும் யந்திரத்துக்கு எண்ணெய் போட நேர்ந்தால், தனிப் பயிற்சி பெற்ற, இறுக்கமான உடை அணிந்த ஆள்தான் போடவேண்டும் என்று 1948ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்தின் 22ஆவது பிரிவு விதித்தது. சட்டம் ஏட்டில் இருந்தது. மில்லில் லாபக் கணக்கே சட்டமாக இருந்தது.

பராமரிப்பில் மிச்சம் பிடித்தால் என்ன ஆகும் என்பதை 1984 டிசம்பரில் போபாலில் கண்டோம். யூனியன் கார்பைடு ஆலையில் குளிரூட்டும் யந்திரம் நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரிக்கும் கோபுரத்தின் குழாய் அரித்துப்போய்க் கழற்றப்பட்டிருந்தது. பராமரிப்பு ஆட்களும் குறைக்கப்பட்டிருந்தனர். ஆயிரக்கணக்கான மக்கள் மாண்டனர்.

தோழர்களே, நம்மிடமும் ஒரு பழக்கம் மாறவேண்டும். "இத்தனை வருஷம் ஆகாதது இன்றா ஆகிவிடும்?" என்று காப்பு மூடியைக் கழற்றி வைத்து வேலை செய்வது வீரமல்ல. சத்தம் மாறினால், பெல்ட் நழுவினால், அந்த ஷிப்டிலேயே எழுதிக் கொடுப்போம்; நகலைச் சங்கத்தில் வைப்போம். களத்தில் கதிரடிக்கும் யந்திரத்தருகே நிற்கும் விவசாயத் தொழிலாளிக்கும் இதுவே பாடம்.

யந்திரத்தை நிறுத்தித் துடைப்பதும் வேலைதான். அந்த நேரத்துக்கு முழுக் கூலி வேண்டும். பழுதைச் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது. தேய்ந்த பல்சக்கரத்துக்கு மாற்று உண்டு. போன கைக்கு மாற்று இல்லை. ஒன்றுபட்டுக் கோருவோம்!