கரியை விற்பதா, மண்ணுக்கு ஊட்டுவதா?

போன மாதம் ஒரு மத்தியானம், படித்த தம்பி ஒருவர் பைக்கில் வந்து இறங்கினார். "ஐயா, நீங்க இயற்கை விவசாயம் பண்றதால உங்க வயல்ல கார்பன் சேருது. அதுக்கு எங்க கம்பெனி காசு தரும். பத்து வருசத்துக்கு ஒப்பந்தம், கையெழுத்துப் போட்டாப் போதும்" என்றார். கூட இருந்த பக்கத்து வயல்காரர், "சும்மா வர்ற காசுதானண்ணே, போட்டுருவோம்" என்று என் முகத்தைப் பார்த்தார்.

நான் போடவில்லை. ஏன் என்று இங்கே சொல்லிவிடுகிறேன். நாளைக்கு உங்கள் வாசலுக்கும் அந்தத் தம்பி வரலாம்.

கார்பன் என்பது வேறொன்றுமில்லை, கரிதான். காற்றில் கரியமில வாயுவாக இருக்கும் அதை, வெயிலைக் கொண்டு பயிர் சர்க்கரையாக்குகிறது. அதில் ஒரு பங்கை வேர் வழியாக நுண்ணுயிர்களுக்குக் கொடுக்கிறது. மிச்சம் நெல்லாகிறது, வைக்கோலாகிறது. வைக்கோலை மாடு தின்று சாணி போடுகிறது. சாணியை மண்புழுவும் நுண்ணுயிரும் தின்று மூச்சு விட, கரி மறுபடி காற்றுக்கே போகிறது. கடைசியில் கொஞ்சம் மட்டும் மட்காக மண்ணில் தங்குகிறது. ஆக, கரி ஒரு இடத்தில் நிற்கிற பொருள் இல்லை, ஓடிக்கொண்டே இருப்பது. அந்த ஓட்டத்தில்தான் மண்ணுக்கு உயிர்.

இன்னொரு கரி இருக்கிறது, தூங்குகிற கரி. நெய்வேலியில் வெட்டி எடுக்கும் பழுப்பு நிலக்கரி, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் புதைந்த காடு. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல், அந்தப் பக்கம் கடலாக இருந்த காலத்துச் சிப்பிகளும் கிளிஞ்சல்களும் படிந்து உண்டானது. ஆறரைக் கோடி ஆண்டுக்கும் மேல் பழையது. ஒன்றை மின்சாரத்துக்கு எரிக்கிறோம், மற்றதை சிமென்டுக்குச் சுடுகிறோம். தூங்கின கரி காற்றுக்கு வந்துவிடுகிறது. தொழிற்சாலைகள் பெருகுவதற்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்கு இருந்த கரியமில வாயு, இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. இப்படி விடுவதில் ஏறக்குறைய கால் பங்கைக் கடல் வாங்கிக்கொள்கிறது. அதனால் கடல்நீர் புளிப்பேறி, இன்றைய சிப்பிக்கு ஓடு கட்டுவதே சிரமமாகி வருகிறது.

கம்பெனி செய்யும் வியாபாரம் இதுதான்: தூங்கின கரியை ஒருவர் எரிப்பார், அதற்கு ஈடாக என் வயலில் ஓடுகிற கரியைக் கணக்குக் காட்டுவார். இரண்டும் ஒன்றா? அவர் எரித்தது திரும்பப் புதையப்போவதில்லை. என் வயல் கரியோ, ரெண்டு வருசம் மழை பொய்த்து நிலம் தரிசாகக் கிடந்தால் காற்றோடு போய்விடும். நம் ஊர் வெயிலுக்கு மட்கு சீக்கிரம் கரையும். அப்போது ஒப்பந்தத்தை மீறியவன் யார்? நான்தானே!

சரி, காசாவது தேறுமா? நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஏக்கரில் மேலாக 15 செ.மீ. மண், சுமார் 900 டன். மண் பரிசோதனை அட்டையில் அங்ககக் கரிமம் 0.4 சதவீதம் என்று இருப்பதை 0.5 ஆக்க, 900 கிலோ கரி மண்ணில் தங்க வேண்டும். ரெண்டு டன் வைக்கோலில் 800 கிலோ கரிதான் இருக்கும்; அதிலும் பெரும்பங்கு ஓரிரு வருடத்தில் காற்றுக்குப் போய்விடும். பல வருட உழைப்பில் அந்த 900 கிலோவைச் சேர்த்தாலும், அது சுமார் 1,400 லிட்டர் பெட்ரோல் விடும் புகைக்குத்தான் ஈடு. ஒரு கார் ஓரிரு வருடத்தில் குடித்துவிடும். அதிலும் அளக்கிறவர், சான்று தருகிறவர், தரகர் எல்லாரும் எடுத்ததுபோக மிச்சம் நமக்கு.

ஆனால் அதே 0.1 சதவீதம் என் மண்ணில் இருந்தால்? மண் பொலபொலவென்று ஆகும். பெய்த மழை உள்ளே இறங்கும். ஒரு தண்ணீர் தள்ளிப் போனாலும் பயிர் தாங்கும். இந்த லாபத்துக்கு எந்தக் கம்பெனியும் கையெழுத்துக் கேட்காது.

நான் ஒன்றும் யோக்கியன் இல்லை. மூணு வருசம் அறுவடை முடிந்த கையோடு வைக்கோலை மெஷினில் கட்டு கட்டி, லாரிக்காரருக்கு விற்றவன்தான். கரி லாரியில் ஏறிப் போனது, கைக்கு வந்த காசு கூலிக்கே சரியாகப் போனது. மண் இறுகினதை அப்புறம்தான் உணர்ந்தேன்.

உழவர் மண்ணைக் காப்பது ஊருக்கே நன்மை என்றால், அரசு நேராகவே கொடுக்கட்டும். பசுந்தாள் விதை, மாடு வளர்க்க உதவி, வைக்கோலை வயலிலேயே விட்டவருக்கு ஊக்கத்தொகை கொடுக்கட்டும். எவனோ விடும் புகைக்கு நாம் ஏன் ரசீது போட்டுக் கொடுக்க வேண்டும்?

இந்த வருடம் வைக்கோலில் பாதி மாட்டுக்கு, பாதி தென்னைக்கு மூடாக்கு. வயலில் தக்கைப்பூண்டு இடுப்பளவு நிற்கிறது, பூக்கும் முன் மடக்கி உழ வேண்டும். பக்கத்து வயல்காரரும் விதை கேட்டிருக்கிறார்.